பனியில் உருளும் மிதிவண்டி
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பனி என்னும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் காலம் தள்ளி வருகிறோம். மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பதும் பனிதான். ஊதற்காற்றோடு வந்து மூக்கை அடைப்பதும் பனிதான். இமயத்தின் உச்சியில் வெள்ளைவெளேரென்று கிடப்பதும் பனிதான். நமக்கு அந்த ஒரு சொல் போதும். ஏனெனில் பனிக்காக நாம் செய்யும் ஏற்பாடு தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் ஆண்டில் ஏறக்குறைய ஐந்து மாதம் தரையே கண்ணில் படாத ஊரில், காலையில் கதவைத் திறந்து, சைக்கிளை உருட்டி வெளியே எடுத்து, பள்ளிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் மிதித்துப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா?

எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. "அங்கே வீட்டுக்கு வீடு கார் இருக்குமே, சைக்கிள் எதற்கு?" என்றார் ஒரு நண்பர். "அவர்கள் உடம்பு வேறப்பா, அந்தக் குளிரிலேயே பிறந்தவர்கள்" என்றார் மற்றொருவர். இரண்டு பதில்களும் சரியல்ல என்பதே என் கருத்து. பனியில் சைக்கிள் ஓடுவதும் ஓடாததும் குளிரைப் பொறுத்ததன்று. மனிதரின் வீரத்தையோ இனத்தையோ பொறுத்ததுமன்று. விடியற்காலையில் பனியைத் தள்ளும் வண்டி யாருடைய பாதைக்கு முதலில் போகிறது என்பதைப் பொறுத்தது.

பின்லாந்து நாட்டின் வடபகுதியில், போத்னியா வளைகுடாவின் கரையில், ஓலு என்றொரு நகரம் இருக்கிறது. 65 டிகிரி வட அட்சரேகை. அங்கிருந்து வடக்கே இன்னும் 170 கிலோமீட்டர் அளவு போனால் ஆர்க்டிக் வட்டம் வந்துவிடும். மக்கள்தொகை இரண்டு லட்சத்திற்குச் சற்று மேல். டிசம்பர் மாதக் கடைசியில் அங்கே பகல் என்பது மூன்றரை மணி நேரந்தான். பத்தரை மணிக்கு எட்டிப் பார்க்கும் சூரியன் இரண்டு மணியளவில் விடைபெற்றுவிடும். நவம்பரில் விழும் பனி ஏப்ரல் வரையில் கிடக்கும். பூஜ்யத்திற்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி என்பதெல்லாம் அங்கே செய்தியே அல்ல. அப்படிப்பட்ட ஊரில் 900 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். பெரிய சாலைகளைக் குறுக்கே கடக்கத் தேவையில்லாதபடி 300க்கு மேற்பட்ட சுரங்கப் பாதைகள் வேறு. பனிக்காலத்தில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு பன்னாட்டு மாநாடு 2013இல் முதன்முதலாகக் கூடியதும் இந்த ஊரில்தான்.

அந்நகரின் மெட்சோகாங்காஸ் பகுதியில் ஒரு பள்ளி இருக்கிறது. ஏறத்தாழ 1200 பிள்ளைகள் படிக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன், பூஜ்யத்திற்குக் கீழே 17 டிகிரி இருந்த ஒரு நாளில் எடுத்த அப்பள்ளியின் படம் உலகெங்கும் பரவியது. பனி போர்த்த மைதானத்தில் வரிசை வரிசையாகச் சைக்கிள்கள். அன்று ஆயிரம் பிள்ளைகளுக்குக் குறையாமல் சைக்கிளில் வந்திருந்தார்களாம். மீதிப் பேரில் நடந்து வந்தவர்கள் போக, பனிச்சறுக்குக் கட்டையில் வந்தவர்களும் உண்டு. ஏழு வயதுப் பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறது. இதை வீரம் என்று சொன்னால் அந்தப் பிள்ளையே சிரிக்கும். அதற்கு அது பள்ளிக்குப் போகும் வழி, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் வளர்ந்த அண்ணன் ஒருவர் அந்த ஊரில் ஆராய்ச்சி மாணவராக இருக்கிறார். கரிசல் காட்டு வெயிலில் வளர்ந்த உடம்பு. போன புதிதில் மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அதன்மேல் தடித்த கோட்டும் மாட்டிக்கொண்டு புறப்பட்டாராம். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் முதுகில் வியர்வை வழிந்ததாம். "தம்பி, இங்கே பெரிய தொந்தரவு குளிர் இல்லை, வேர்வைதான்" என்று அவர் சொன்னபோது முதலில் வேடிக்கையாக இருந்தது. எண்ணிப் பார்த்தால் அதில் வியப்பில்லை. நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் கால்பங்கு கூடப் பெடலுக்குப் போவதில்லை; மிச்சமெல்லாம் வெப்பமாகவே வெளியேறுகிறது. 100 வாட் திறனில் ஒருவர் மிதித்தால் 300 வாட்டுக்கு மேல் உடம்பு தானே சூடேற்றிக்கொள்கிறது. சைக்கிள் ஓட்டுகிறவர் தம்முடைய அடுப்பைத் தாமே சுமந்து செல்கிறார். கைவிரலையும் காதையும் மூக்கு நுனியையும் காத்துக்கொண்டால் போதும். விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் பை போன்ற உறைதான் நல்லது என்கிறார். ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு உதவும்.

குளிரால் மனிதனைவிடச் சைக்கிள்தான் அதிகம் பாடுபடுகிறது. பிரேக் கம்பி ஓடும் குழாய்க்குள் ஈரம் இருந்தால் அது உறைந்து கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. பூட்டில் சாவி நுழையாது. ஃப்ரீவீலில் உள்ள கிரீஸ் இறுகிப் போனால் உள்ளிருக்கும் பற்கள் பிடிக்காமல் பெடல் சும்மா சுற்றும். நம் ஊரில் ஃப்ரீவீல் தேய்ந்தால் ஆகுமே, அதே கதை. ஆகையால் அங்கே பலர் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் உள்ள வண்டியையே விரும்புகிறார்கள். அது சக்கரத்தின் அச்சுக்குள் அடங்கியிருப்பதால் பனி தீண்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருக்கிறது. இருபது வருடம் சைக்கிள் கடை வைத்திருக்கும் நம்மூர்க்காரர் ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வார்.

உண்மையான எதிரி வழுக்கல். இங்கே இயற்பியல் மாணவன் என்ற உரிமையில் சற்று நின்று பேச விரும்புகிறேன்.

ஐஸ் ஏன் வழுக்குகிறது? அழுத்தத்தினால் ஐஸ் உருகி நீராகிறது, அந்த நீர்தான் வழுக்குகிறது என்றே நம்மில் பலர் பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். கணக்குப் போட்டால் அது தேறாது. 100 வளிமண்டல அழுத்தம் கொடுத்தாலும் ஐஸின் உருகுநிலை ஒரு டிகிரி கூட இறங்குவதில்லை. அப்படியானால் பூஜ்யத்திற்குக் கீழே 15 டிகிரியில் ஏன் வழுக்க வேண்டும்? உறைநிலைக்குக் கீழேயும் ஐஸின் மேற்பரப்பில் நீர் போன்ற மெல்லிய படலம் இருக்கிறது என்று மைக்கேல் பாரடே 1850லேயே கூறினார். உராய்வினால் தோன்றும் வெப்பமும் அந்த வழுக்கலுக்குத் துணைபோகிறது என்று 1939இல் பௌடனும் ஹியூஸும் காட்டினார்கள். இதிலிருந்து ஒரு முக்கியமான செய்தி கிடைக்கிறது. குளிர் கடுமையாக ஆக ஆக அந்தப் படலம் மெலிகிறது. டயருக்குப் பிடிமானம் கூடுகிறது. பூஜ்யத்தை ஒட்டிய நாளில், ஐஸின்மேல் தண்ணீர் நிற்கும்போதுதான் வழுக்கல் உச்சத்துக்குப் போகிறது. அதாவது, அண்ணனுக்கு 15 டிகிரிக் குளிர் நல்ல நாள்! பகலில் சற்றே உருகி, இரவில் மீண்டும் உறைந்து, சக்கரத் தடங்களெல்லாம் கல்லாய் இறுகிக் கிடக்கும் மறுநாள் காலைதான் கெட்ட நாள். தண்டவாளத்தில் மாட்டிய சைக்கிள் போல முன்சக்கரம் அந்தத் தடத்தில் விழுந்தால் ஹேண்டில்பார் நம் பேச்சைக் கேட்காது.

இன்னொரு கணக்கு. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சைக்கிள் உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக் இருந்தால் இரண்டரை மீட்டரில் நின்றுவிடும். உராய்வுக் கெழு 0.1 ஆக இறங்கிவிட்ட ஐஸ் தரையில் அதே சைக்கிள் நிற்க ஏறக்குறைய 13 மீட்டர் வேண்டும். அதுவும் சாயாமல் இருந்தால்தான். கார் வழுக்கினால் நான்கு சக்கரத்தோடு ஒருபக்கமாக நகரும். சைக்கிள் வழுக்கினால் ஆள் கீழே. இதற்காகத்தான் டங்ஸ்டன் கார்பைடு ஆணி பதித்த டயர் செய்திருக்கிறார்கள். ஒரு டயரில் நூறு முதல் முந்நூறு வரை சிறு ஆணிகள் இருக்கும். விலை அதிகம். இரண்டு வாங்கக் கையில் காசில்லாதவர்கள் முன்சக்கரத்துக்கு மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். பின்சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது.

ஆனால் ஆணி டயர் தனிமனிதன் தேடிக்கொள்ளும் மருந்து. முழங்கால் ஆழப் பனியில் ஆணி என்ன செய்யும்? பாதையைச் சீர்செய்வது ஊர் செய்ய வேண்டிய வேலை. ஓலுவில் முக்கியமான சைக்கிள் பாதைகளைக் காலையில் மக்கள் புறப்படும் முன்பே டிராக்டர் வந்து வழித்துவிடுகிறது. அங்கே உப்புப் போடுவதில்லை. உப்பு கரைந்த நீர் பூஜ்யத்துக்குக் கீழும் உறையாது என்பது உண்மைதான். சரியான அளவில் கரைத்தால் பூஜ்யத்திற்குக் கீழே 21 டிகிரி வரை தாங்கும். ஆயினும் நடைமுறையில், பத்து டிகிரிக்கும் கீழே குளிர் இறங்கிவிட்டால் சாலையில் தூவிய உப்பு உருப்படியாக வேலை செய்வதில்லை. அதனால் பனியை முழுவதும் நீக்காமல், கெட்டியாக இறுக்கி, பல் வைத்த தகட்டால் அதன்மேல் வரி வரியாகக் கீறி, பொடி ஜல்லியைத் தூவிவிடுகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் அம்மியைக் கொத்தி வைப்பதில்லையா, அதுபோல. சொரசொரப்பான வெள்ளைச் சாலை ஒன்று தயாராகிவிடுகிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் குளிர் அவ்வளவு இல்லை. பூஜ்யத்தைச் சுற்றியே ஊசலாடும். எனவே அங்கே சுழலும் தூரிகையால் பெருக்கி உப்புநீர் தெளிக்கிறார்கள். முக்கியமான சைக்கிள் பாதைகளில் இந்த வேலை கார்ச்சாலைகளுக்கும் முன்னதாக நடக்கிறது. இடத்துக்கு ஏற்றபடி முறை மாறுகிறது, வரிசை மாறுவதில்லை.

'அவர்கள் உடம்பு வேறு' என்ற நண்பருக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி ஓலுவைவிடத் தெற்கே இருக்கிறது, குளிரும் குறைவு. அதே மக்கள், அதே மொழி. ஆனால் பனிக்காலத்தில் சைக்கிளில் போகிறவர்களின் விகிதம் ஓலுவில்தான் கூடுதல். இங்கிலாந்தில் குளிர்காலம் இன்னும் மிதமானது. அங்கே கோடையில்கூட இந்த அளவு சைக்கிள் ஓடுவதில்லை. குளிர்தான் காரணம் என்றால் கணக்கு நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

இனி நான் மிகவும் மதிக்கும் செய்திக்கு வருகிறேன். சுவீடன் நாட்டில் கார்ல்ஸ்கூகா என்றொரு சிறிய நகரம். 2010களின் தொடக்கத்தில் அந்நகராட்சி தன் வேலைகள் ஒவ்வொன்றையும் எடுத்து, இது ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமாகப் பயன்படுகிறதா என்று சோதித்துப் பார்த்தது. பனி வழிப்பதில் ஆண் என்ன, பெண் என்ன என்று அலுவலர்களே நகைத்தார்களாம். பார்த்தபோது, முதலில் பெரிய சாலைகள், பிறகு சிறிய சாலைகள், கடைசியில்தான் நடைபாதையும் சைக்கிள் பாதையும் என்ற வரிசை தெரிந்தது. காரில் போகிறவர்களில் ஆண்கள் மிகுதி. நடந்தும், சைக்கிளிலும், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கும் போகிறவர்களில் பெண்கள் மிகுதி. பனி வழிக்கும் வரிசை யாரும் திட்டமிடாமலேயே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பத்து சென்டிமீட்டர் பனியில் காரை ஓட்டிச் சென்றுவிடலாம். தள்ளுவண்டியைத் தள்ளிப் பாருங்கள். எனவே வரிசையைத் திருப்பினார்கள். குழந்தைகள் காப்பகம் இருக்கும் வழிகளும், நடைபாதைகளும், சைக்கிள் பாதைகளும் முதலில். பனியில் வழுக்கி எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வருகிறவர்களில் கார்க்காரர்களைவிட நடப்பவர்கள்தாம் அதிகம் என்பதும் அவர்கள் கணக்கில் வந்தது.

இதை எல்லாரும் கைதட்டி வரவேற்கவில்லை. ஸ்டாக்ஹோம் நகரம் இதே முறையை எடுத்துக்கொண்டது. 2016 நவம்பரில் அங்கே ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் பனி ஒரே மூச்சில் கொட்டியபோது நகரமே முடங்கிவிட்டது. "பெண்ணுரிமைப் பனி வழிப்பு" என்று பத்திரிகைகள் எள்ளி நகையாடின. அவ்வளவு பனி கொட்டினால் எந்த வரிசையில் வழித்தாலும் ஊர் நின்றுதான் போயிருக்கும் என்பதை நகைத்தவர்கள் நினைக்கவில்லை. புதிய வழக்கம் எதுவாயினும் முதல் தடங்கலிலேயே அதைத் தூக்கிலிடுவது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம் போலும்.

"பணக்கார நாடு, செய்கிறார்கள், நம்மால் ஆகுமா?" என்று கேட்பீர்கள். டிராக்டரும் ஆளும் எப்படியும் வேலைக்கு வரத்தான் போகிறார்கள். யாருடைய பாதைக்கு முதலில் என்ற வரிசையைத் திருப்புவதற்குப் பணம் பெரிதாகத் தேவையில்லை, மனம் தேவை. சுவீடனிலேயே லின்ஷோப்பிங், லூலியோ ஆகிய நகரங்களில் வேலைக்குச் செல்வோர் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் கேட்டு ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. பனிக்காலத்தில் சைக்கிள் பாதைகளை இன்னும் ஒழுங்காகப் பராமரித்தால் அக்காலத்துச் சைக்கிள் பயணங்கள் 18 விழுக்காடு கூடலாம், கார்ப் பயணங்கள் 6 விழுக்காடு குறையலாம் என்று அது மதிப்பிட்டது. கோடையில் மட்டும் சைக்கிள் எடுப்பவர்கள் குளிரையும் ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. எல்லாரும் வர மாட்டார்கள். முதியவர்களும், ஒருமுறை விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டவர்களும் வராதிருப்பதே நல்லது. ஆனால் 18 விழுக்காடு சிறிய எண்ணிக்கையா?

இதையெல்லாம் நான் தேடித் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் தந்தையார் கொத்தனார் வேலைக்கு இருபத்தைந்து ஆண்டுகளாகச் சைக்கிளில் போய்வருகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில்தான் இன்றும் வருகிறேன். என்னைப் போல் நம் கல்லூரியில் பலர் இருக்கிறார்கள். "படித்து வேலைக்குப் போய் முதலில் ஒரு பைக் வாங்கு" என்று என்னை வாழ்த்தாத உறவினர் இல்லை. அவர்கள் அன்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் சைக்கிள் என்பது ஏழை கடந்துபோக வேண்டிய ஒரு படி, அதில் நின்றுவிட்டவன் தோற்றவன் என்ற எண்ணம் அந்த வாழ்த்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஓலுவில் கார் வாங்க வசதியுள்ளவர்களும் பனியில் சைக்கிள் மிதிக்கிறார்கள். அந்த ஊர், சைக்கிளில் வருகிறவரைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் 'இந்த வெயிலில் யார் சைக்கிள் மிதிப்பார்கள்?' என்ற கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓலு நினைவுக்கு வருகிறது. வெயிலில் மிதிக்கிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள் ஐயா! பால்காரரும், கொத்தனாரும், பள்ளிப் பிள்ளைகளும், நாங்களும் இருக்கிறோம். அவர்கள் போகும் ஓரம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்துப் புளியமரங்கள் போய்விடுகின்றன, நிழலும் போய்விடுகிறது. பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர் மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண் சேறாகிவிடும். அதன் வழுக்கலுக்கு ஆணி டயரும் கிடையாது.

எங்கள் ஊர் விலக்கிலிருந்து கல்லூரி வாயில் வரை 9 கிலோமீட்டர். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே சைக்கிள் ஓடத் தக்க தளம் அதில் எவ்வளவு இருக்கிறது என்று நாங்கள் மூவர் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை கிலோமீட்டர் கல் பார்த்துக் கணக்கெடுத்தோம். இரண்டரை கிலோமீட்டர் தேறியது. மிச்சமெல்லாம் மண், கொட்டிக் கிடக்கும் ஜல்லி, முள், நிறுத்தி வைத்த லாரிகள். எந்தக் கல்லுக்கும் எந்தக் கல்லுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று அட்டவணை போட்டு, நாட்டு நலப்பணித் திட்ட ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறோம். வேறு ஊர்களிலிருந்து சைக்கிளில் வரும் நண்பர்கள் தங்கள் வழிக்கும் இப்படி ஒரு கணக்கெடுத்துத் தந்தால் அதையும் சேர்த்து அனுப்பலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.